கடகடனு வாசிக்கும் பிள்ளை, அர்த்தம் கேட்டால் முழிப்பது ஏன்? திருமயம் கோட்டையை வைத்து ஒரு விளக்கம்

மூன்றாம் வகுப்புப் பிள்ளை தமிழ்ப் பாடத்தை எடுத்துக் கடகடனு வாசிக்கிறது. ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். "சரி கண்ணு, இதுல என்னதான் சொல்லியிருக்கு?" என்று கேட்டால், பிள்ளை புத்தகத்தையே பார்க்கிறது. பிறகு முதல் வரியை மறுபடி வாசிக்கிறது.

இந்தக் காட்சியைப் பார்க்காத பெற்றோரும் ஆசிரியரும் தமிழ்நாட்டில் குறைவு. பிள்ளைக்கு எழுத்து தெரிகிறது, ஆனால் எழுதியிருப்பது புரியவில்லை. எங்கே கோளாறு? கதைப் புத்தகம் மட்டும் கொடுத்தால் போதுமா? கோட்டை, மழை, கண்மாய், மாத்திரை அட்டை என்று உண்மைத் தகவல் சொல்லும் உரைகளைச் சின்ன வயதிலேயே வாசிக்க வைத்தால் என்ன மாறும்? புதுக்கோட்டை மாவட்டம் திருமயத்தை உதாரணமாக வைத்துப் பார்க்கலாம்.

எழுத்து தெரிந்தால் வாசிப்பு வந்துவிட்டதா?

வாசிப்புக்கு இரண்டு கால்கள். ஒன்று, எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்குவது. இன்னொன்று, அந்தச் சொற்கள் சேர்ந்து சொல்லும் விஷயத்தைப் புரிந்துகொள்வது. 1986-ல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே சொன்னார்கள். எழுத்தறிவு ஒரு எண், மொழிப் புரிதல் இன்னொரு எண், இரண்டையும் பெருக்கினால் வருவது வாசிப்புத் திறன். பெருக்கல் என்பதால் இரண்டில் ஒன்று பூஜ்யமானாலும் விடை பூஜ்யம்தான்.

நம் ஊரில் முதல் எண்ணுக்குத்தான் கவனம் அதிகம். 247 எழுத்தையும் பழக வேண்டும், கொம்பு, துணைக்கால், ஒற்று எல்லாம் பிடிபட வேண்டும் என்பதால் அது நியாயமும்கூட. ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்க வந்த அன்றைக்கே "பிள்ளை படிக்கக் கத்துக்கிச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இரண்டாவது எண்ணை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

எண்கள் என்ன சொல்கின்றன?

நாடு முழுக்க கிராமப்புற வீடுகளுக்கே போய்ப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிப்பது ஏசர் ஆய்வு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புத் தரத்து உரையை வாசிக்கக் கூடியவர்கள் 2022-ல் 20.5 சதவீதம். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியிருந்ததன் அடி அது. 2024-ல் 27.1 சதவீதமாக மீண்டது. இது அகில இந்தியக் கணக்கு. இந்த ஒரு அளவுகோலில் தமிழ்நாடு தேசிய சராசரிக்குக் கீழேதான் இருந்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஏசரில் முதன்மையாகப் பார்ப்பது, பிள்ளை உரையைச் சரளமாக உரக்க வாசிக்கிறதா என்பதைத்தான். வாசித்தது புரிந்ததா என்பது அதற்கு அடுத்த படி. அப்படியென்றால் "புரிந்து வாசிக்கும்" பிள்ளைகளின் எண்ணிக்கை அந்த அளவைவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்பில்லை.

அந்த அடுத்த படியைச் சோதித்தால் என்ன ஆகும்? அதற்கும் தமிழ்நாட்டிடம் ஒரு பழைய விடை இருக்கிறது. 15 வயது மாணவர்களுக்கான 'பிசா' என்ற சர்வதேசத் தேர்வில் இந்தியா சார்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2009-ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்டிப்பாக நடந்த அந்தத் தேர்வின் முடிவு 2011 டிசம்பரில் வந்தது. வாசிப்பில் தமிழ்நாடு எடுத்தது 337 புள்ளி. வளர்ந்த நாடுகளின் சராசரி 493. முதலிடத்தில் இருந்த ஷாங்காய் 556. அடிப்படை நிலையையாவது தொட்ட மாணவர்கள் தமிழ்நாட்டில் சுமார் 17 சதவீதம், வளர்ந்த நாடுகளில் சுமார் 81 சதவீதம். கலந்துகொண்ட 74 பகுதிகளில் நாம் கடைசிப் பக்கத்தில் இருந்தோம்.

"கேள்விகள் நம்ம பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை" என்று இந்தியா தரப்பில் சொல்லப்பட்டது. அதில் நியாயம் கொஞ்சம் உண்டு. அதன்பிறகு 2012 முதல் 2022 வரை நடந்த எந்தச் சுற்றிலும் இந்தியா கலந்துகொள்ளவில்லை. ஆனால் அந்தத் தேர்வில் எந்த மாதிரி உரைகள் வந்தன என்பது முக்கியம். கதை இருந்தது. கூடவே அட்டவணை, வரைபடம், அறிவிப்பு, விளக்கக் கட்டுரை எல்லாம் இருந்தன. பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே படித்த பாடம் எதுவும் வராது. புதுசா ஒரு தாளைக் கொடுத்து "இதிலிருந்து கண்டுபிடி" என்பார்கள். நம் பிள்ளைகளுக்குப் பழக்கமே இல்லாத வேலை அது.

கதை வேறு, தகவல் உரை வேறு. எப்படி?

கதை, நம் வீட்டில் பாட்டி சொல்லும் வடிவத்தில்தான் வரும். ஒரு ஊர், ஒரு ஆள், ஒரு சிக்கல், ஒரு முடிவு. "அப்புறம் என்ன ஆச்சு?" என்ற கேள்வி பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகும். நடுவில் நாலு சொல் புரியாவிட்டாலும் கதை புரிந்துவிடும்.

தகவல் உரையில் அந்தக் கை கிடையாது. காரணம், விளைவு, ஒப்பீடு, வரிசை, வகைப்பாடு என்று அதன் கட்டுமானமே வேறு. "எனவே", "ஆனால்", "இதனால்", "-ஐவிட" என்ற சின்னச் சொற்களில்தான் மொத்த அர்த்தமும் தொங்கும். அதில் ஒன்றை விட்டாலும் விஷயம் தலைகீழாகிவிடும்.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. நாம் பேசும் தமிழும் எழுதும் தமிழும் வேறு வேறு. வீட்டில் "கட்டுனாங்க" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, புத்தகத்தில் "கட்டப்பட்டது" என்று பார்க்கிறது. "இருக்கு" என்பது "அமைந்துள்ளது" ஆகிறது. கதைப் புத்தகங்களிலாவது பாத்திரங்கள் பேசும்போது பேச்சு மொழி எட்டிப் பார்க்கும். தகவல் உரையில் அதுவும் இருக்காது. கோட்டையைப் பற்றி எல்லாம் தெரிந்த பிள்ளைக்குக்கூட, அதே விஷயம் எழுத்துத் தமிழில் வந்தால் அந்நியமாகத் தெரிய இதுவும் ஒரு காரணம்.

இது ஏன் மூன்றாம் வகுப்பில் வெடிக்கிறது? தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் முதல் இரண்டு வகுப்புகளில் சூழ்நிலையியல் என்று ஒரே பாடம். மூன்றாம் வகுப்பிலிருந்து அறிவியல் தனி, சமூக அறிவியல் தனி. அதாவது எட்டு வயதில் பிள்ளையின் கைக்குத் திடீரென்று இரண்டு முழுத் தகவல் புத்தகங்கள் வருகின்றன. அதுவரை வாசிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, இனி வாசித்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த உரைகளை எப்படி வாசிப்பது என்று மட்டும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

வெளிநாட்டிலும் இந்தக் குறை இருந்திருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில் 20 முதல் வகுப்புகளைக் கவனித்த நெல் டியூக் என்ற ஆய்வாளர், 2000-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்குச் சொன்னார். அந்த வகுப்புகளில் தகவல் உரைகளோடு பிள்ளைகள் செலவிட்ட நேரம் ஒரு நாளைக்குச் சராசரியாக 3.6 நிமிடம். வசதி குறைந்த பகுதிப் பள்ளிகளில் அது இன்னும் குறைவு. வீட்டிலும் புத்தகம் இல்லை, பள்ளியிலும் பழக்கம் இல்லை என்றால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

ஜல்லிக்கட்டு தெரிந்த பிள்ளைக்கு என்ன லாபம்?

1988-ல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 64 மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வர்ணனையை வாசிக்கச் சொல்லி, அங்கே நடந்ததைப் பொம்மைகளை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள். நன்றாக வாசிப்பவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று யாரும் நினைப்போம். ஆனால் வாசிப்பில் சுமாரானாலும் பேஸ்பால் நன்றாகத் தெரிந்த மாணவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் பேஸ்பால் தெரியாதவர்களை மிஞ்சினார்கள்.

இதை நம்ம ஊருக்குக் கொண்டு வருவோம். புதுக்கோட்டை மாவட்டத்துப் பிள்ளையிடம் ஜல்லிக்கட்டு பற்றி ஒரு பத்தி கொடுங்கள். வாடிவாசல் என்றால் என்ன, திமிலை எப்படிப் பிடிக்க வேண்டும், காளை எப்போது "பிடிபடாத காளை" ஆகும் என்பதெல்லாம் அதற்கு வாசிக்கும் முன்பே தெரியும். உரையில் சொல்லாமல் விட்டதைக்கூடப் பிள்ளை தானே நிரப்பிக்கொள்ளும். அதே பிள்ளையிடம் மெட்ரோ ரயில் நிலையத்தைப் பற்றிக் கொடுத்தால் திணறும். சென்னைப் பிள்ளைக்கு இது அப்படியே தலைகீழ். கண்மாய், மடை, கலிங்கு என்று வந்தால் அது திணறும்.

ஆக, புரிதல் என்பது தனியாகப் பயிற்சி கொடுத்து வளர்க்கும் தசை மட்டும் கிடையாது. ஒரு விஷயம் எவ்வளவு தெரிகிறதோ, அந்த அளவுக்கு அதைப் பற்றிய உரை புரியும். அந்த உரை புரிந்தால் இன்னும் கொஞ்சம் தெரியவரும். அது அடுத்த உரைக்கு உதவும். வட்டி குட்டி போடுவது மாதிரி. தகவல் உரைகளைச் சீக்கிரமே தொடங்க வேண்டும் என்று சொல்வதன் அடிப்படைக் காரணம் இதுதான்.

திருமயம் கோட்டை: ஒரு பத்தி, நாலு வகைக் கேள்வி

சரி, நடைமுறையில் எப்படிச் செய்வது? புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது திருமயம். பஸ்ஸில் போகிற எல்லாருக்கும் கோட்டை தெரியும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்காக அதைப் பற்றி ஒரு சின்ன உரை எழுதினால் இப்படி இருக்கும்:

"திருமயம் கோட்டை ஒரு பாறைக் குன்றின் மேல் அமைந்துள்ளது. 1687-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் சேதுபதி மன்னர் இதைக் கட்டினார். அந்தக் காலத்தில் கோட்டையைச் சுற்றி ஏழு மதில்கள் இருந்தன. இப்போது நான்கு மதில்களே உள்ளன. குன்றின் உச்சியில் பீரங்கி வைக்கும் மேடை இருக்கிறது. அங்கே நின்றால் வெகு தூரம் தெரியும். குன்றின் அடியில், பாறையைக் குடைந்து செய்த இரண்டு கோயில்கள் உள்ளன. அவை கோட்டையைவிடப் பல நூறு ஆண்டுகள் பழமையானவை."

எட்டே வரி. இதை வைத்து என்ன கேட்பது? உலக அளவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் 'பிர்ல்ஸ்' தேர்வில் கேள்விகளை நாலு வகையாகப் பிரிக்கிறார்கள். அந்தத் தேர்வில் பாதி இலக்கிய உரை, பாதி தகவல் உரை என்பதையும் கவனிக்க வேண்டும். அதே நாலு வகையை நம் பத்தியில் போட்டுப் பார்ப்போம்.

முதல் வகை, இருப்பதை எடுத்துச் சொல்வது. "கோட்டை எந்த ஆண்டு கட்டப்பட்டது?" விடை வரியிலேயே இருக்கிறது. நம் பாடப்புத்தகப் பயிற்சிகளிலும் தேர்வுகளிலும் பெரும்பாலும் வருவது இந்த வகைதான்.

இரண்டாம் வகை, இரண்டு வரியைச் சேர்த்து ஊகிப்பது. "எத்தனை மதில்கள் இப்போது இல்லை?" மூன்று என்று உரையில் எங்குமே எழுதியில்லை. ஏழிலிருந்து நான்கைக் கழித்தால்தான் வரும். "பீரங்கியை ஏன் அடிவாரத்தில் வைக்காமல் உச்சியில் வைத்தார்கள்?" அடுத்த வரியில் குறிப்பு இருக்கிறது, பிள்ளைதான் முடிச்சுப் போட வேண்டும்.

மூன்றாம் வகை, மொத்தத்தையும் இணைத்துப் பொருள் சொல்வது. "1687-க்கு முன்னாடி ஒருத்தர் திருமயத்துக்கு வந்திருந்தால் எதைப் பார்த்திருப்பார், எதைப் பார்த்திருக்க மாட்டார்?" கோயில்களைப் பார்த்திருப்பார், கோட்டையைப் பார்த்திருக்க மாட்டார். உரையில் கோட்டை முதலில் வருகிறது, ஆனால் காலத்தில் கோயில்தான் முதலில். கடைசி வரியின் "கோட்டையைவிட" என்ற ஒரு சொல்லைப் பிடித்த பிள்ளைதான் இதைச் சொல்லும்.

நான்காம் வகை, உரையையே எடைபோடுவது. "மூணு மதில் எப்படிப் போச்சு?" என்று கேளுங்கள். பிள்ளை மறுபடி தேடும். சில பிள்ளைகள் "சண்டையில இடிஞ்சிருச்சு" என்று தாமாகவே ஒரு கதை கட்டும். சரியான விடை: "இதுல சொல்லலை." உரையில் இல்லாததை "இல்லை" என்று சொல்லத் தெரிவதும் வாசிப்புதான். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு செய்தியைப் பார்த்துவிட்டு, "இதுல யார் சொன்னது, எப்போ நடந்ததுனு எதுவுமே இல்லையே" என்று பெரியவர்கள் கேட்க வேண்டிய கேள்வியின் ஆரம்பப் பாடம் இதுதான்.

வாசிக்கும் முன்பு என்ன? வாசித்த பிறகு என்ன?

உரையைக் கையில் கொடுத்துவிட்டு நேராகக் கேள்விக்குப் போனால் பலன் குறைவு. முன்னால் இரண்டு நிமிடம் பேச்சு வேண்டும். "கோட்டைக்குப் போயிருக்கீங்களா? மேல ஏறினா என்ன தெரிஞ்சது?" என்று பிள்ளைகளின் பேச்சுத் தமிழிலேயே கேட்க வேண்டும். தெரிந்த விஷயம் நினைவுக்கு வரும். பிறகு மதில், பீரங்கி, குடைதல் என்று மூன்று சொல். மதில் என்றால் பள்ளிக்கூடக் காம்பவுண்டுச் சுவரா, அதைவிடப் பெரியதா? இதைப் பேசிவிட்டால் வாசிக்கும்போது தடுமாற்றம் பாதி குறையும்.

வாசித்த பிறகு, அதே விஷயத்தைப் பிள்ளை தன் பேச்சில் சொல்ல வேண்டும். "தம்பிக்குச் சொல்ற மாதிரி சொல்லு" என்றால் போதும். "ராமநாதபுரம் ராஜா கட்டுனாரு, ஏழு மதில் இருந்துச்சாம், இப்ப நாலுதான் இருக்கு" என்று பிள்ளை சொன்னால், எழுத்துத் தமிழ் உள்ளே போய்ப் பேச்சுத் தமிழாக வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அதைவிட நல்ல தேர்வு கிடையாது. வரிக்கு வரி ஒப்பித்தால் மறுபடி கேட்க வேண்டியதுதான்.

இன்னொரு முக்கியமான உத்தி, ஒரே விஷயத்தில் நாலைந்து உரைகளை அடுத்தடுத்து வாசிப்பது. இன்றைக்குக் கோட்டை, நாளைக்குக் கிரிக்கெட், நாளை மறுநாள் திமிங்கலம் என்று தாவினால் எதுவும் ஒட்டாது. திருமயத்தையே எடுத்துக்கொண்டால், முதல் வாரம் கோட்டை, அடுத்து குடைவரைக் கோயில், அடுத்து சித்தன்னவாசல் ஓவியம், அடுத்து பாறை எப்படி உருவாகிறது என்று போகலாம். 1887-ல் திருமயத்தில் பிறந்து, விடுதலைப் போராட்டத் தலைவராகவும் 1939-ல் சென்னை மேயராகவும் ஆன சத்தியமூர்த்தி பற்றி ஒரு உரை. பூண்டி நீர்த்தேக்கத்துக்கு ஏன் அவர் பெயர் என்று தொடர்ந்தால் சென்னையின் குடிநீர் வரை போய்விடலாம். ஊரிலிருந்து தொடங்கி உலகத்துக்குப் போகும் பாதை இது. ஒரு உரையில் பார்த்த சொல் அடுத்த உரையில் திரும்ப வருவதால், மனப்பாடம் பண்ணாமலே சொல்வளம் கூடும். அமெரிக்காவின் வட கரோலினாவில் சின்ன வகுப்புகளுக்கு அறிவியல், சமூக அறிவியல் விஷயங்களை இப்படிக் கோத்துக் கற்பித்த ஹார்வர்டு ஆய்வாளர் ஜேம்ஸ் கிம் குழுவும் இந்தத் திசையில்தான் பலன் கண்டது.

புதுக்கோட்டைக்கு இது புதுசா?

இல்லை. 1991-ல் இந்த மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கம் நினைவிருக்கும். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், தமிழ்நாடு அறிவியல் இயக்கம், ஆயிரக்கணக்கான தொண்டர்கள் சேர்ந்து நடத்தியது. அங்கே படித்தவர்கள் பெரியவர்கள், அதிலும் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு அணில், ஆடு என்று தொடங்கினால் நாலாவது நாள் ஆள் வரமாட்டார்கள். வேலை, கூலி, நிலம், தண்ணீர் என்று அவர்களின் வாழ்க்கையே பாடமானது. கல் குவாரியில் கூலிக்கு உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். சைக்கிள் ஓட்டக் கற்றதும் அந்த இயக்கத்தின் பகுதியானது. வாசிப்பு, கையிலிருக்கும் தாளைப் புரிந்துகொள்ளும் கருவியாக அவர்களுக்கு வந்தது.

பெரியவர்களுக்குத் தெரிந்த வாழ்க்கையிலிருந்து எழுத்தைத் தொடங்கிய மாவட்டத்தில், அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அதே வழி பொருந்தாதா என்பதே இப்போது கேட்க வேண்டியது.

அரசு என்ன செய்கிறது, எங்கே இடைவெளி?

தேசிய அளவில் 'நிபுண் பாரத்' திட்டம் 2021 ஜூலையில் வந்தது. தமிழ்நாட்டில் கொரோனா இடைவெளியைச் சரிசெய்ய 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்'. அதில் பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பிரிக்காமல், கற்றல் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். 2023-ல் வந்த 'வாசிப்பு இயக்கம்' நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிநிலைகளில் சின்னப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று சிறார் இதழ்களும் அரசுப் பள்ளிகளுக்குப் போகின்றன. அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' 1987-லிருந்து வந்துகொண்டிருக்கிறது.

புத்தகமே இல்லை என்ற காலம் மாறிவிட்டது. அப்போ இடைவெளி எங்கே? வகுப்பறையில் கேட்கும் கேள்வியில். எல்லாருக்கும் தெரிந்த காட்சி ஒன்று: பாடம் முடிந்ததும் புத்தகத்தில் பென்சிலால் அடைப்புக்குறி போட்டு, "இந்த வரியிலேர்ந்து இந்த வரி வரைக்கும் முதல் கேள்விக்குப் பதில்" என்று குறித்துக்கொள்வது. பிள்ளை அந்த வரியை எழுதினால் முழு மதிப்பெண். புரிந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. அப்படிப் படித்த பிள்ளைக்குப் புத்தகத்தில் இல்லாத ஒரு புது உரையைக் கொடுத்தால் பென்சில் அடைப்புக்குறி இருக்காது. பிசா தேர்வில் நடந்ததன் ஒரு பகுதி இதுதான் என்று சொல்லலாம்.

ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் தொடக்கப் பள்ளிகள் நிறைய. தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பறை தயார் செய்யும். பருவத் தேர்வில் ஒவ்வொரு முறையும் பிள்ளை முன்பின் பார்க்காத ஒரு தகவல் பத்தி வந்து, அதில் ஒரு ஊகக் கேள்வியும் ஒரு "இதுல சொல்லலை" கேள்வியும் இருந்தால் வகுப்பறை தானாக மாறும். இதற்குப் புதுக் கட்டடமோ கருவியோ தேவையில்லை. கேள்வித்தாள் எழுதுபவர்கள் மனது வைக்க வேண்டும்.

மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று, எழுத்தே பிடிபடாத பிள்ளைக்கு முதலில் எழுத்துதான். இன்னும் கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளைக்குத் தகவல் உரையை நாம் வாசித்துக் காட்டலாம், படத்தைக் காட்டிப் பேசலாம். எழுத்துப் பயிற்சியும் விஷய அறிவும் பக்கத்துப் பக்கத்தில் வளரட்டும்.

இரண்டு, கதையைத் தூக்கிப் போட வேண்டாம். கற்பனை, மனித மனம், மொழியின் ருசி இதெல்லாம் கதையில்தான் கிடைக்கும். கதையோடு தகவலும் வேண்டும் என்பதுதான் இங்கே சொல்வது.

மூன்று, பொது அறிவு வினா-விடைப் புத்தகம் தகவல் உரை ஆகாது. "திருமயம் கோட்டையைக் கட்டியவர் யார்? சேதுபதி" என்று நூறு கேள்வியை ஒப்பித்தால் வினாடி வினாவில் பரிசு கிடைக்கலாம். ஒரு விஷயம் இன்னொன்றோடு எப்படி இணைகிறது என்று அது சொல்லித் தராது.

வீட்டில் பத்து நிமிடம் இருந்தால்?

புத்தகம் வாங்க முடியாத வீட்டிலும் தகவல் உரை நிறைய இருக்கிறது. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி. பிஸ்கட் பாக்கெட்டில் எடையும் விலையும். மின் கட்டணக் குறுஞ்செய்தி. பஸ் ஸ்டாண்டில் நேர அட்டவணை. ரேஷன் கடைப் பலகை.

மழைக்காலத்தில் பிள்ளைகள் தாமாகவே தேடி வாசிக்கும் ஒரு உரை இருக்கிறது: "பள்ளிகளுக்கு விடுமுறை" அறிவிப்பு! அதையே பாடமாக்கலாம். "எந்த மாவட்டம்னு போட்டிருக்கு? பள்ளிக்கு மட்டுமா, கல்லூரிக்குமா? இன்னைக்கா, நாளைக்கா?" ஒரு சொல் தவறினால் லீவு இல்லாத நாளில் வீட்டில் இருக்க வேண்டியதுதான். கூடவே, ஒரே நாளில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் "கனமழை", 115.6-ஐத் தொட்டால் "மிக கனமழை" என்று வானிலை மையம் பிரிக்கிறது என்பதையும் சொல்லிவிட்டால், அடுத்த செய்தியை அந்தப் பிள்ளை வேறு கண்ணோடு பார்க்கும்.

பெற்றோருக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளையை வாசிக்கச் சொல்லிவிட்டு, "எனக்குப் புரியிற மாதிரி சொல்லு சாமி" என்று அப்பத்தா கேட்டால் போதும். கேட்பவருக்கு உண்மையிலேயே தெரியாது என்பதால், பிள்ளை ஒப்பிக்காமல் விளக்கித்தான் ஆக வேண்டும். அந்த மருந்தை எப்போது சாப்பிடுவது என்று அப்பத்தாவுக்கும் தெரிந்தாக வேண்டுமே.

அடுத்த முறை காரைக்குடிப் பக்கம் போகும்போது திருமயத்தில் இறங்கினால், கோட்டை வாசலில் தொல்லியல் துறை வைத்திருக்கும் பலகையைப் பிள்ளையிடம் வாசிக்கச் சொல்லுங்கள். வேகமாக வாசித்தால் கைதட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். மேலே ஏறும்போது, "அந்தப் பலகையில என்ன சொல்லலை?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலுக்குப் பிள்ளை உங்களிடம் நாலு கேள்வி கேட்டால், வாசித்தது புரிந்துவிட்டது என்று தாராளமாக நம்பலாம்.